செத்தவர்கள் எல்லோரும் ஆண்கள்

“கொலைங்க! பச்சைப் படுகொலை!” என்றார் ரயில் டிரைவர்.

ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும், இன்ஜினுக்குள் நின்று கத்திப் பழகிய தொண்டை அவருக்கு இன்னும் இறங்கவில்லை. மதில் ஓரம் சிமென்ட் கலவையைக் கிளறிக்கொண்டிருந்த கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டார். நான் ஓர் அடி பின்வாங்கினேன். அண்ணி மட்டும் அசையவில்லை. சிவப்புப் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பயிர், மாடு, தேனீப் பெட்டி என்று பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். மேலதிகாரியின் கிளெய்மையே கண்டுபிடித்ததால் வேலை போயிற்று. இப்போது வீட்டு முன்னறையில் மேஜை போட்டுத் துப்பறிகிறார். நான் உதவியாளன். சம்பளம் கிடையாது, வேளா வேளைக்குச் சாப்பாடு உண்டு. தெருவில் என்னை ஒட்டடைக்குச்சி என்பார்கள். உயரத்தைச் சொல்கிறார்களா, உடம்பைச் சொல்கிறார்களா என்று நான் இதுவரை துப்பறிந்ததில்லை.

டிரைவர் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் இரண்டு தேனீப் பெட்டிகள் இருந்தன. பழைய வேலையின் பாசத்தில் ஒன்றுக்குச் சிவப்பும் இன்னொன்றுக்குப் பச்சையும் அடித்திருந்தார். சிவப்புப் பெட்டியின் வாசலுக்குக் கீழே குவியலாகச் செத்த தேனீக்கள். பச்சைப் பெட்டியின் வாசல் சுத்தமாக இருந்தது.

“விஷம் அடிச்சது யாருன்னும் எனக்குத் தெரியும்மா. என் சகலைதான்! மதிலுக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரன். ரோஜாவுக்கு மருந்து அடிக்கிறேன்னு எப்பப் பாரு தெளிப்பானும் கையுமா நிக்கறான்.”

“தெரிஞ்ச பிறகு நாங்க எதுக்கு சார்?” என்றேன்.

“இவளுக்காக!”

‘இவள்’ தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தார். டிரைவரின் மனைவி. தலையில் முன்வரிசை முடியை எல்லாம் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் சுருள்களில் சுற்றி வைத்திருந்தார். இடது நெற்றிக்கு மேல் மட்டும் சுருளுக்குப் பதில் துணி உலர்த்தும் கிளிப்.

“தப்பா நினைக்காதீங்க. சாயங்காலம் ஆபீஸ்ல ஒருத்தருக்கு வழியனுப்பு விழா, போட்டோ எடுப்பாங்க” என்று கிளிப்பைத் தொட்டுக்கொண்டார். பிறகு அண்ணியிடம் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த வீட்ல இருக்கறது என் கூடப்பொறந்த தங்கச்சிம்மா. அதோ மதில்ல இருக்கற கதவு வழியாத்தான் நாங்க நினைச்சப்போ போறோம், வர்றோம். அதை இவர் இன்னைக்குச் செங்கல் வெச்சு அடைக்கப்போறாராம். ஆதாரம் இல்லாம ஒரு கல்லு வைக்க விடமாட்டேன்னுட்டேன்.”

“ஆதாரம் கிடைச்சதும் அடைச்சிடுவேன்” என்றார் டிரைவர்.

“கலவை ரெடிங்க” என்றார் கொத்தனார். “ரொம்ப நேரம் தாங்காது.”

அண்ணி தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“குச்சி, அதுல ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வை.”

“கொட்டும் அண்ணி.”

“செத்தது கொட்டாதுடா.”

“தான் செத்துட்டோம்னு அதுக்குத் தெரிய வேணாமா?”

முறைத்தார். எடுத்து வைத்தேன். கறுப்பாக, குண்டாக, தலை முழுக்கக் கண்ணாக இருந்தது. அண்ணி ஓர் ஈர்க்கால் அதன் பின்பக்கத்தை நெம்பினார்.

“கொடுக்கு தெரியுதா?”

“இல்லை.”

“இன்னொண்ணு எடு.”

இப்போது தைரியம் வந்துவிட்டது. கைப்பிடியாக அள்ளினேன். ஒன்றுக்கும் கொடுக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் அதே குண்டு உடம்பு, அதே பெரிய கண்.

“கொடுக்கு பொம்பளைத் தேனீக்குத்தான் உண்டு” என்று அண்ணி எழுந்தார். “இங்கே செத்தது அத்தனையும் ஆம்பளை. ஏன் சார், ரோஜாவுக்கு அடிக்கிற மருந்து ஆம்பளையா பொம்பளையான்னு விசாரிச்சுட்டா கொல்லும்?”

டிரைவர் வாயைத் திறந்தார். அதற்குள் பெட்டி வாசலில் ஒரு சண்டை. சின்னத் தேனீ இரண்டு சேர்ந்து ஒரு குண்டனை இறக்கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்து தள்ளின. குண்டன் தட்டுத்தடுமாறி மறுபடி உள்ளே நுழையப் பார்த்தான். வாசலில் நின்ற காவல்காரிகள் மோதித் தள்ளினார்கள்.

“பாத்துக்குங்க, கொலைகாரிங்க” என்றார் அண்ணி. “பூ குறைஞ்சு போச்சு, வீட்டுக்கு வர்ற தேனும் குறைஞ்சு போச்சு. இனிமே வெட்டிச் சாப்பாடு கட்டுப்படியாகாது. ஆண் தேனீ பூவுக்குப் போகாது, கூடு கட்டாது, காவல் நிக்காது. ராணியோட சேர்றது ஒண்ணுதான் அதுக்கு வேலை. அதுவும் முக்கால்வாசிப் பேருக்கு வாய்க்காது. பசிச்சா மட்டும் கரெக்டா வந்து வாயைத் திறக்கும்.”

“எதுக்கு அண்ணி என்னையே பார்த்துச் சொல்றீங்க?”

“பக்கத்துல நிக்கறே, அதான்.”

டிரைவரின் மனைவி முகத்தில் நிம்மதி. “நான்தான் சொன்னேனே, அவர் அப்படிச் செய்ய மாட்டார்னு.” கொத்தனார் கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். டிரைவருக்குத்தான் மானப் பிரச்சினை. வலிய ஆள் கூப்பிட்டு, காசும் பேசி, தன் வீட்டுப் பெட்டியே தன்னைக் கவிழ்த்ததை அவரால் தாங்க முடியவில்லை.

“சரி, அது போகட்டும். இந்தப் பச்சைப் பெட்டியைப் பாருங்கம்மா. அங்கேயும் பூ குறைஞ்சுதானே போச்சு? ஒருத்தனையாவது துரத்தியிருக்கா? எப்படி ஒத்துமையா இருக்கு! என் வளர்ப்பு அது.”

அண்ணியின் முகம் மாறியது. சிவப்புப் பெட்டியிடம் போய் விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். உள்ளே ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் எழுந்து உடனே அடங்கியது. பிறகு பச்சைப் பெட்டியைத் தட்டினார். அந்த இரைச்சல் அடங்கவே இல்லை. யாரோ மூச்சுவிடாமல் முனகுவதுபோல் நீண்டுகொண்டே போயிற்று. கேட்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

“இதைத் திறங்க சார்.”

டிரைவரின் மனைவி புகை டப்பாவில் சாக்குத் துண்டைக் கொளுத்திப் போட்டு, துருத்தியை அமுக்கிப் பக்குவமாக வாசலில் புகை காட்டினார். பழகிய கை. டிரைவர் மூடியை எடுத்து, மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். சட்டத்துக்குச் சட்டம் தேனடை, அதன்மேல் குண்டன்கள் காலாற நடந்துகொண்டிருந்தார்கள். அண்ணி ஓர் அடையை வெயிலுக்கு நேரே சாய்த்து அறைகளுக்குள் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். கடைசிவரை பார்த்தார்.

“முட்டை இல்லை. புழுவும் இல்லை. சார், இந்த வீட்ல ராணி இல்லை.”

“என்னது!”

“கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க?”

“அது... சில வாரம் ஆச்சு. தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு விட்டுட்டேன்.”

“ராணி இருக்கற வீடுதான் ஆம்பளையைத் துரத்தும். ராணி இல்லாத வீட்ல, என்னைக்காவது புது ராணி வந்தா மாப்பிள்ளை வேணுமேன்னு உட்கார வெச்சுச் சோறு போடும். நீங்க ஒத்துமைன்னு நினைச்சது இதைத்தான்.”

“பாத்தீங்களா அண்ணி,” என்றேன், “எங்களுக்கும் ஒரு மதிப்பு இருக்கு.”

“இருக்கு, வீடு நாசமா போறப்போ.”

டிரைவர் கத்தினார். தெருவுக்கே கேட்டது. “திருட்டு! என் ராணி முதுகுல ஊதாப் பொட்டு வெச்சிருந்தேன், இவளோட நகப்பூச்சை எடுத்து! அது மாதிரி முட்டை போடற ராணி கிடைக்குமா? ராணியைப் பிடிக்கிற வித்தை இந்தத் தெருவுல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான், இன்னொண்ணு என்கூடப் பயிற்சிக்கு வந்த சகலை. அவன் ராணி ரெண்டு மாசம் முன்னாடி செத்துப்போச்சு. பொறாமை!”

“அவர் ராணி செத்தப்போ நீங்க என்ன சொன்னீங்க?” என்று மனைவி கேட்டார்.

“சும்மா தமாஷுக்கு, ‘ராணி இல்லாத ராஜா’ன்னேன்.”

“எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அதுலேர்ந்துதான் அவர் இந்தப் பக்கம் வர்றதில்லை.”

“கொத்தனாரே, கல்லை அடுக்குங்க!” என்றார் டிரைவர். “நாங்க போய்த் திருட்டுச் சொத்தைப் பார்த்துட்டு முன்வாசல் வழியா வந்துக்கறோம்.”

மதில் கதவு தாழ்வானது. நான் குனிந்தும் இடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் பேக்கரிக்காரர், காலை வேலை முடிந்து வந்து, தன் ஒற்றைப் பெட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பளபளக்கும் வழுக்கை. புருவத்தில் மட்டும் மைதா மாவு. பின்னால் சமையலறை ஜன்னலில் அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அக்காவின் சாயல்தான். ஆனால் தலைமுடி பிறவிச் சுருட்டை, சீப்புக்கே சவால்.

“பெட்டியைத் திறய்யா!” என்றார் டிரைவர்.

“திறக்கறதுல என்ன இருக்கு, நல்லா பாருங்க” என்று பேக்கரிக்காரர் பெருமையோடு எழுந்தார். “இப்ப என்கிட்டேயும் ராணி இருக்கு.”

திறந்தார். அடை முழுக்க வேலைக்காரத் தேனீக்கள் ஈயாக மொய்த்தன. நடுவில் நீளமான உடம்போடு ஒருத்தி, யாரையும் சட்டைசெய்யாமல் நடந்துவந்தாள். எதிர்ப்பட்டவர்கள் விலகி வழிவிட்டார்கள். முதுகில் ஊதாப் பொட்டு.

டிரைவர் கத்துவார் என்று காதைப் பொத்தினேன். அவர் கத்தவில்லை. “கையும் களவுமா...” என்று மட்டும் சொன்னார். அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

பேக்கரிக்காரரின் முகம் மாவைவிட வெளுத்தது. “சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. வீட்ல இவதான் தேனீ விக்கறவங்ககிட்ட வாங்கினதா சொல்லிப் பெட்டியில வெச்சா.”

சமையலறை ஜன்னலில் பாத்திரச் சத்தம் நின்றது.

அண்ணி பெட்டிக்குள் கைவிட்டு, சட்டங்களுக்கு நடுவில் செருகிக் கிடந்த ஒரு பொருளை எடுத்தார். இளஞ்சிவப்பு நிறம், உருளை வடிவம், சுற்றிலும் ஓட்டை. ஒரு முனையில் சர்க்கரை மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

“அந்நிய ராணியை அப்படியே விட்டா தேனீங்க சூழ்ந்து கொன்னுடும்” என்றார். “அதனால கூண்டுல போட்டு, வாயைச் சர்க்கரை மாவால அடைச்சு வைக்கணும். அதைத் தின்னு வழி பண்றதுக்குள்ள ராணியோட வாசனை அதுங்களுக்குப் பழகிடும். செஞ்சவங்க வேலை தெரிஞ்சவங்க. கூண்டுதான் கொஞ்சம் விசேஷம். குச்சி, இது என்ன?”

“முடி சுருட்டற சுருள்.” வழுக்கையைப் பார்த்தேன். “இவருக்கு வேண்டியதில்லை.” ஜன்னலைப் பார்த்தேன். “அவங்களுக்கும் வேண்டியதில்லை.”

“அங்கே டீ வந்தப்போ என்ன பார்த்தே?”

“பிஸ்கட் இல்லையேன்னு பார்த்தேன்.”

“அதுக்கு மேல?”

“மேல... தட்டு, கை, தலை...” சட்டென்று திரும்பினேன். “துணிக் கிளிப்!”

எல்லோரும் திரும்பினோம். கதவருகில் நின்ற டிரைவரின் மனைவி கிளிப்பை மறைக்கக் கையைத் தூக்கி, பாதியில் கைவிட்டார்.

“ஆமா, நான்தான் எடுத்தேன்” என்றார். “என்ன முறைக்கிறீங்க? வித்தை தெரிஞ்சவங்க ரெண்டு பேராம்! ஒவ்வொரு தடவையும் புகை காட்டறது யாரு? ‘ராணி எங்க, ராணி எங்க’ன்னு நீங்க கண்ணாடியைத் தேடிக்கிட்டிருக்கறப்போ விரல் நீட்டிக் காட்டறது யாரு?”

“ஏன்டி?” டிரைவரின் குரல் எங்கோ போயிருந்தது.

“ராணி செத்ததுலேர்ந்து இவர் பெட்டி எதிர்ல ஸ்டூலைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டார். சாப்பாடே இறங்கலைன்னு தங்கச்சி அழுதா. உங்களைக் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

டிரைவர் சகலையின் ஸ்டூலைப் பார்த்தார்.

“நீங்கதானே சாப்பிட உட்கார்ந்தா இதையே சொல்வீங்க? ‘ராணி போனாலும் பயமில்லை. சின்னப் புழுவா பார்த்து விசேஷ ஊட்டம் குடுத்து இன்னொரு ராணியை அதுங்களே உண்டாக்கிடும்’னு. அப்படியே உங்களுக்கும் ஒண்ணு வந்துடும், இவருக்கும் ஒண்ணு ஆச்சுன்னுதான் எடுத்தேன்.”

டிரைவருக்கு இழந்த குரல் திரும்ப வந்தது. “வரலையே! எங்கே வந்துது? உன்னால என் பெட்டியே பாழாப்போச்சு!”

“அதுதான் எனக்கும் புரியலை” என்றார் அண்ணி. “வந்திருக்கணுமே. ஏன் சார், கடைசியா திறந்தப்போ அடையில வேர்க்கடலை மாதிரி பெரிசா எதாவது தொங்கிச்சா?”

“தொங்கிச்சே! நிறைய தொங்கிச்சு. அது ராணி அறை, எனக்குத் தெரியாதா? கூட்டம் புது ராணியை உண்டாக்கிட்டு ரெண்டாப் பிரிஞ்சு ஓடப் பார்க்குது, விடுவேனா? கத்தியை எடுத்து ஒண்ணு விடாம...”

நிறுத்தினார்.

“சுரண்டிட்டீங்க” என்றார் அண்ணி மெதுவாக. “எங்கே தொங்கிச்சு? அடையோட கீழ் ஓரத்துலயா, நடுவுலயா?”

“நடு... நடுவுல.”

“பிரிஞ்சு ஓடப்போற கூட்டம் பெரும்பாலும் ஓரத்துலதான் கட்டும். நடு அடையில கட்டினா, அது ராணியைத் திடீர்னு பறிகொடுத்த கூட்டம். புழு இருந்த இடத்துலயே அவசர அவசரமா கட்டியிருக்கு. உங்க மனைவி எடுத்தது ஒரு ராணியை. அதுவும் உயிரோட இருக்கு. வரவேண்டிய ராணிங்களை எல்லாம் கொன்னது நீங்க.”

டிரைவர் தடுமாறி, சகலையின் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கிண்டல் என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் மேல் இன்னொரு செங்கல் வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் பேசியது பேக்கரிக்காரர். “உங்க ராணியை எடுத்துக்குங்க சகலை” என்று அடையை நீட்டினார். “திருட்டுப் பொருள்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்.”

“எடுத்துட்டுப் போகட்டும்” என்றது ஜன்னல். அழுகிற குரல்.

டிரைவர் நீட்டிய அடையைப் பார்த்தார். ஊதாப் பொட்டுக்காரி ஓர் அறைக்குள் தலையை விட்டுச் சோதித்து, வெளியே வந்து, திரும்பி வாலை இறக்கி ஒரு முட்டை வைத்தாள். அடுத்த அறைக்குப் போனாள். இரண்டு குடும்பம் நின்று பார்ப்பது அவளுக்குத் தெரியவில்லை.

“அவளை எடுத்தா இந்த வீடு மறுபடி தவிச்சுப்போகும்” என்றார் அண்ணி. “வேற வழி இருக்கு. இப்போ வெச்ச முட்டையும் சின்னப் புழுவும் இருக்கற ஒரே ஒரு சட்டத்தை உங்க பச்சைப் பெட்டியில வெச்சா, அதுங்க மறுபடி ராணி வளர்த்துக்கும். சீக்கிரம் வைக்கணும். தள்ளிப்போட்டா வேலைக்காரிங்களே முட்டை போட ஆரம்பிச்சிடும். அதுல பொறக்கறது எல்லாம் ஆம்பளையாத்தான் இருக்கும், குச்சி மாதிரி.”

“அப்ப ஒரு சட்டம் எடுத்துக்க வேண்டியதுதானே” என்றார் டிரைவர்.

“உங்க பெட்டி அங்கே இருக்கு சார். இது அவரோடது. கேக்கணும்.”

டிரைவர் கேட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைந்தது.

“என்ன சொல்றீங்க?” பேக்கரிக்காரர் காதில் கை வைத்தார். கண்ணில் ஈரம், ஆனால் மீசைக்குள் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “ரயிலையே நிறுத்தற தொண்டை. ஒண்ணும் கேக்கலையே.”

“ஒரு சட்டம் குடுய்யான்னு கேட்டேன்!” டிரைவர் எழுந்து நின்றார். பிறகு குரல் இறங்கியது. “குடுங்க சகலை. அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புதான்.”

பேக்கரிக்காரர் பெட்டிப் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்த்து, மோசமானதை ஒதுக்கி, சுமாரானதை ஒதுக்கி, இருப்பதிலேயே நல்ல சட்டத்தை எடுத்தார். “ராணி அதுல இல்லையான்னு நல்லா பாருங்க, இல்லேன்னா இன்னொரு கேஸ் ஆயிடும்” என்றேன். பார்த்தார். ஒட்டியிருந்த தேனீக்களைத் தன் பெட்டிக்குள்ளேயே உதறினார். அவர் மனைவி ஈரத்துணியோடு ஓடி வந்து அடையைப் போர்த்தினார். அக்காவின் தோளில் ஒரு கை அப்படியே தங்கிவிட்டது.

“புழு காயக்கூடாது, குளிர்ந்தும் போகக்கூடாது” என்றார் அண்ணி. “ஓடுங்க சார்!”

டிரைவர் இரண்டு கையாலும் சட்டத்தை நெஞ்சோடு ஏந்திக்கொண்டு ஓடினார். கதவு வரைதான் ஓட முடிந்தது. கொத்தனார் சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். முழங்கால் உயரத்துக்கு வழியை மறித்துச் செங்கல் நின்றது.

“யாருய்யா இங்கே கல்லை அடுக்கினது?” என்று டிரைவர் அலறினார். “குழந்தைங்களைத் தூக்கிட்டு வர்றேன், கண்ணு தெரியலையா? எடுய்யா வழியை விட்டு!”

“நீங்கதானே சார் அடுக்கச் சொன்னீங்க” என்றார் கொத்தனார்.

டிரைவர் கையில் சட்டத்தோடு அப்படியே நின்றார். தாண்டவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. பேக்கரிக்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, ஈரக் கலவை ஒழுக மேல் கல்லைப் பெயர்த்தார்.

“பார்த்துங்க சகலை,” என்றார் டிரைவர், “கால்ல போட்டுக்காதீங்க.”